காணும் பொங்கலுக்குக் காண வேண்டியவர்கள்

பொங்கல் வந்தால் பாதித் தாம்பரம் கிளாம்பாக்கத்தில் பேருந்துக்கு முண்டியடிக்கும். மீதிப் பாதி காணும் பொங்கலன்று வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலில் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும். அதே நாளில், டிக்கெட் இல்லாமலே பார்க்கக்கூடிய ஆயிரக்கணக்கான விருந்தாளிகள் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் இரை தேடிக்கொண்டிருப்பார்கள்.

விடிந்ததும் போய்விட வேண்டும். பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தின் ஓரமாக நின்றாலே போதும். சிவப்புக் குச்சியைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல நிற்பது பவளக்கால் உள்ளான். நீண்ட அலகைச் சேற்றில் தையல் மெஷின்போலக் குத்தி எடுப்பது கருவால் மூக்கன். காலடியில் ஓடுகிற பொடிசு, கொசு உள்ளான். சிட்டுக்குருவி எடைதான் இருக்கும். ஆனால் அது முட்டையிடுவது ஆர்க்டிக் பனிப் பிரதேசத்தில்! ஆழமான பக்கத்தில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் மிதக்கும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், நெல்லைச் சீமைக்குப் போகிறவர்கள் கூந்தன்குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததாகப் பதிவான பறவை அது.

சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி வழிகிற தண்ணீர் கடைசியில் சேருமிடம் பள்ளிக்கரணை. குப்பைமேடு, சாலை, கட்டடங்கள் எல்லாம் தின்றது போக எஞ்சியதில் ஒரு பகுதி 2007-ல் காப்புக்காடானது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தது.

ஆனால் பறவைக்கு அந்தஸ்து தெரியாது, தண்ணீரின் ஆழம்தான் தெரியும். உள்ளான்களுக்குக் கணுக்கால் அளவு தண்ணீரும் வழுவழுப்பான சேறும் வேண்டும். நாமோ ஏரியை 'அழகுபடுத்த'க் கிளம்பினால், ஒரே சீராக ஆழப்படுத்தி, கரையைச் செங்குத்தாக்கி, சுற்றிலும் நடைபாதை போட்டுவிடுகிறோம். காலையில் வாக்கிங் போக நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளானுக்குக் கால் ஊன்ற இடமில்லை. சரிவான கரையும் நடுவில் கொஞ்சம் திட்டும் விட்டு வைத்தால் இரண்டு தரப்புக்குமே ஏரி மிஞ்சும். திட்டம் போடுகிறவர்கள் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடி, ஏரிக்கரை, எங்கே வேண்டுமானாலும் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதை எண்ணி, இபேர்ட் இணையதளத்தில் பதிவிட்டால் போதும். எந்த ஏரிக்கு எத்தனை பறவை வந்தது என்று நாளைக்கு வாதாட இந்தக் கணக்குதான் கையிலிருக்கும்.

பைனாகுலர் இல்லையென்றால் பரவாயில்லை. பளிச்சென்ற பண்டிகைச் சட்டையும் ஹாரனும் வேண்டாம். கையில் முறுக்குப் பொட்டலம் இருந்தால், வெறும் பாக்கெட்டை மட்டும் மறக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.