புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு

பட்டணத்துத் தமிழ்க் கனவான்களிடம் ஒரு வழக்கமுண்டு. விருந்துக்கு வருவோர் கண்ணிற் படும்படி பிரெஞ்சு ஒயின் புட்டியொன்றை மேஜைமேல் நிறுத்துவார்கள். லேபிள் விருந்தினரை நோக்கியிருக்கும். அதன்பின், தோட்டத் தொழிலாளி சம்சு குடித்துக் கெடுகிறானே என்று அரைமணி நேரம் அங்கலாய்ப்பார்கள். எழுத்து வாசனையற்றவன் எதைக் கொடுத்தாலும் குடிப்பான் என்பது அவர்கள் தீர்ப்பு. லேபிள் வாசிக்கத் தெரிந்த இக்கனவான்களின் யோக்கியதையை முதலிற் பார்ப்போம்.

ஒயினுக்குப் பேர்போன போர்தோவில், ஒயின் சாஸ்திரமே பயிலும் மாணவர் 54 பேருக்கு வெள்ளை ஒயினையும், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினையும் ஆராய்ச்சியாளர் புரோஷே கொடுத்துப் பார்த்தார். சாயமிட்டதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அவர்கள் வருணித்தனர்! அவரே நடுத்தர ஒயின் ஒன்றை, ஒருமுறை சாதாரண ஒயின் என்ற லேபிளோடும், மறுமுறை உயர்தர லேபிளோடும் பரிமாறினார். முன்னதைக் குறை கூறிய வாய்களே பின்னதைப் புகழ்ந்தன. கலிபோர்னியாவில் நடந்து 2008-இல் வெளியான சோதனையோ இன்னும் விசேஷம். ஒரே ஒயினுக்கு 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் இரு விலை சொல்லிக் கொடுத்தார்கள். விலை ஏறியதும் மூளையில் இன்பத்தை உணரும் பகுதியே அதிகமாக வேலை செய்தது. குடித்தவர் வேஷம் போடவில்லை. மெய்யாகவே அதிகமாகச் சுவைத்தார்!

வியாபாரிக்கு இது நெடுநாளாகத் தெரியும். மூத்தோன் ரோத்ஷீல்ட் மாளிகையார் 1945 முதல் ஆண்டுதோறும் ஓர் ஓவியரின் சித்திரத்தை லேபிளில் ஏற்றி வருகின்றனர். 1973-ஆம் ஆண்டுப் புட்டியில் இருப்பது பிக்காசோவின் சித்திரம். நம் நாட்டிலும் எழுத்தறியாதவன் படத்தைச் சொல்லியே சரக்கு வாங்கினான். நாய்த் தலை ஒட்டிய ஸ்டவுட்டைச் சீனர் 'கறுப்பு நாய்' என்றே அழைத்தனர்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். கள்ளுக்கு லேபிள் கிடையாது. அதன் குணமும் கேடும் குடித்தவனுக்கும், அவனைவிட அவன் மனைவிக்கும் தெரியும். ஆகவே 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தார் கள்ளுக்கடைகளை மூடுக என்று கேட்க முடிந்தது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்துக் கிளம்ப முடிந்தது. எதிரி ஒரு கடையாக, கதவும் பூட்டுமாக நின்றான். சம்சு அப்படி வரவில்லை. சிறு புட்டியில், வர்ண லேபிளோடு, மடியிற் செருகிக்கொள்ளும் அளவில் வந்தது. வாதம், உடல்வலி, அஜீரணம் யாவும் தீருமென்ற விளம்பரத்தோடும் வந்தது! விடியற்காலை முதல் மரம் சீவி இடுப்பொடிந்தவன் அதை மருந்தென்று நம்பியதில் என்ன மூடத்தனம்? போர்தோ மாணவர் நம்பியதைவிடவா?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2017 டிசம்பர் முதல் சம்சுவை 700 மில்லி லிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் புட்டியில்தான் விற்க வேண்டும். வாங்குவோருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மது உடல்நலத்துக்குத் தீங்கு விளைக்கலாமென்று மலாய் மொழியில் அச்சிட வேண்டும். நல்லதுதான். ஆனால் மறு ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெதனால் கலந்த மது குடித்து நாற்பது பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். நேற்று நம் பாட்டன்மார் இருந்த நிலையில் இன்று இருப்பவர்கள். 2021-இலோ ஒரு விஸ்கியின் பெயர் 'தீமா' என்றும், லேபிளில் தாடிக்கார வெள்ளையன் படம் என்றும் நாடே கொந்தளித்தது. நாடாளுமன்றம் வரை பேச்சு. பெயருக்கு விளக்கம் சேர்க்கும்படி கூறிச் சச்சரவை முடித்தார்கள். அந்த ஆவேசத்தில் காற்பங்காவது 2018-இல் பிணவறையில் கிடந்தவர்களுக்காக எழுந்ததா?

நாம் கேட்பது இதுதான். புட்டியின் முன்புறத்தில், சித்திரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக, மலாயோடு தமிழிலும் எச்சரிக்கை வேண்டும். எழுத்தறியாதவனுக்குப் படமும் வேண்டும். கெட்டுப்போன ஈரலைத் தீட்ட ஓர் ஓவியர் கிடைக்கமாட்டாரா?

பட்டணத்துக் கனவான்களிடமும் ஒரு விண்ணப்பம். அடுத்த விருந்தில் உங்கள் பிரெஞ்சுப் புட்டியின் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிடுங்கள். பக்கத்தில் மலிவான ஒயின் புட்டி ஒன்றையும் அப்படியே உரித்து நிறுத்துங்கள். எது எதுவென்று விருந்தினர் சொல்லட்டும். பிறகு தோட்டத்தானைப் பற்றிப் பேச வாருங்கள், கேட்கிறோம்.