பொம்மைன்னு சொன்னா கோபம் வரும்!

"இருபத்தோரு வயசாச்சு, இன்னும் பொம்மை வெச்சுகிட்டு இருக்கியா?" தாம்பரம் ஏரியாவுல ஸ்கேல் மாடல் செய்யற எவனும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. சொந்தக்காரங்க கேட்டா சிரிச்சுட்டுப் போயிடலாம். அரசாங்கமே அப்படிச் சொன்னா?

சொல்லுது மக்களே! சுங்க வரி அட்டவணையில 9503ன்னு ஒரு தலைப்பு இருக்கு. மூணு சக்கர சைக்கிள், பொம்மை, பொம்மை வண்டி, புதிர் விளையாட்டு... இதுங்களோட 'அளவு குறைத்த மாடல்'களையும் அதே மூட்டையில கட்டிட்டாங்க. இந்தத் தலைப்புக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டுல 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆச்சு. 2023ல 70!

உள்நாட்டு பொம்மைத் தொழிலைக் காப்பாத்தணும்னு காரணம் சொன்னாங்க. நானும் பி.காம். தான், வளர்ற தொழிலுக்குப் பாதுகாப்பு தேவைன்னு எனக்கும் தெரியும். ஆனா சன்னபட்டணா மரப்பொம்மை வாங்க வந்த அம்மா, அதை வெச்சுட்டு சோவியத் பீரங்கி கிட்டை எடுத்துட்டா போகப் போறாங்க? போட்டியே இல்லாத இடத்துல யாருக்கு இந்தப் பாதுகாப்பு?

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். பெட்டிக்குள்ள வர்றது வெறும் பிளாஸ்டிக் பாகங்கள். வெட்டி, உப்புத்தாள் போட்டு, ஒட்டி, பெயிண்ட் அடிக்கணும். முடிச்சதும் வெச்சு விளையாட முடியாது, விரல் பட்டாலே ஏதாவது கழண்டு வந்துடும். அப்புறம் எதுக்கு செய்யறோம்?

ஒரு உதாரணம். சோவியத் ராணுவத்தோட 76 மி.மீ. ஸிஸ்-3 பீரங்கி. 1:35 அளவுல அதோட குழாய் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம்தான். அதோட நுனியில மஸில் பிரேக்குன்னு ஒரு சின்ன பாகம் ஒட்டணும். இது எதுக்குன்னு தேடினா கதை விரியுது. வடிவமைப்பாளர் வசிலி கிராபின், 76 மி.மீ. குழாயை 57 மி.மீ. பீரங்கியோட லேசான வண்டி மேல ஏத்திட்டார். சுடும்போது பின்னால உதைக்கிற வேகத்தை அந்த வண்டி தாங்கணுமே? புகையைப் பக்கவாட்டுல திருப்பி உதையைக் குறைக்கத்தான் அந்த பாகம். பாகங்களும் குறைவு, வேலை நேரமும் குறைவு. ஒரு லட்சத்துக்கும் மேல தயாரிச்சுத் தள்ளிட்டாங்க. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் மூணு வருஷத்துல புரிய வைக்காததை இந்த பீரங்கி ஒரே வாரத்துல புரிய வைக்கும்.

அடுத்தது கத்யூஷா, 132 மி.மீ. ராக்கெட் பதினாறு ஏத்தின லாரி. 1941 ஜூலையில முதல் தடவை சுட்டப்போ ரஷ்ய லாரி மேல இருந்தது. பின்னாடி வந்ததெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க ஸ்டூடிபேக்கர் லாரி! அமெரிக்க லாரி அங்க எப்படிப் போச்சு? ஈரான் வழியாவும் போச்சு. அந்த ஈரான் பாதையில சரக்கு ஓட்டினதுல நம்ம இந்திய ராணுவ சர்வீஸ் கோர் ஆளுங்களும் உண்டு. சுபேதார் நாராயண ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங் ரெண்டு பேருக்கும் 1944ல சோவியத் அரசு செந்நட்சத்திர விருது கொடுத்துச்சு. இந்தப் பேரை நீங்க எந்தப் பாடப்புத்தகத்துல படிச்சீங்க?

பீச் ட்ரெயின்ல தினம் பரங்கிமலையைத் தாண்டிப் போறோமே, அது ஒரு காலத்துல மெட்ராஸ் பீரங்கிப்படையோட தலைமையிடம். அதுவே நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

"போரைக் கொண்டாடறீங்க"ன்னு சிலர் சொல்றாங்க. கொண்டாடறது சினிமா. இங்க பீரங்கிக்கு முன்னாடி இருக்கற மெல்லிசு தகட்டை ஒட்டும்போது, இதுக்குப் பின்னாடி நின்னுதான் டாங்கியை எதிர்த்து சுட்டாங்களான்னு வயிறு கலங்கும். அந்தப் போர்ல சோவியத் நாடு இழந்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் உயிர்.

கேட்கறது சலுகை இல்ல. பெரியவங்க ஒட்டிச் செய்யற மாடல் கிட்டுக்கு 9503லயே தனிப் பிரிவு போட்டு, நியாயமான வரி போடுங்க. மாசம் பாக்கெட் மணி சேர்த்து ஒரு பெட்டி வாங்கற பசங்களை, வரி போட்டு விரட்டாதீங்க.

அப்புறம் உறவினர்களே, அடுத்த தடவை மேஜையில ஒண்ணைப் பார்த்தா "இது எந்த வருஷத்து பீரங்கி?"ன்னு கேளுங்க. உக்கார வெச்சு ஒரு மணி நேரம் சொல்றோம். (அதுக்கப்புறம் கேட்கவே மாட்டீங்க, அது வேற விஷயம்!)