வந்த ஊரும் நம் ஊர்தான்

"இன்னும் நாலு வருஷத்தில் மாற்றலாகிப் போகிறோம். இந்த ஊர் மரம் இருந்தால் என்ன, போனால் என்ன?" வெளிமாநிலத்தில் வாழும் நம்மவரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வேலைக் காலத்தில் நானும் இப்படிப் பேசியவன்தான்.

மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகா நாட்டில் மான்டிவெர்டே என்று ஒரு மலையூர் உண்டு. கட்டாய ராணுவ சேவையை ஏற்காத சில க்வேக்கர் குடும்பங்கள் 1951-ல் அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே குடியேறின. பால்மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். ஆனாலும் வாங்கிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காட்டை, தண்ணீருக்காக, வெட்டாமல் விட்டுவைத்தார்கள். அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களே.

1987-ல் அந்த மலைக்காடு அழிவதைப் பற்றி சுவீடனில் ஒரு கிராமப் பள்ளிப் பிள்ளைகள் கேள்விப்பட்டார்கள். "நாமே வாங்கிக் காப்பாற்றினால் என்ன?" என்று ரோலண்ட் டியென்சு என்ற ஒன்பது வயதுப் பையன் கேட்டான். ஆசிரியை ஏஹா கெர்ன் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. பிள்ளைகள் நிதி திரட்டினார்கள். பல நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அங்கே இன்று 'குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு' சுமார் 23,000 ஹெக்டேர். மான்டிவெர்டேயிலேயே 1991-ல் தொடங்கிய மேகக்காட்டுப் பள்ளியில், பிள்ளைகள் அந்த மண்ணுக்குரிய மரங்களை நாற்றங்காலில் வளர்த்து நடுகிறார்கள்.

அதே 1991-ல் நம் உச்ச நீதிமன்றமும், எம்.சி. மேத்தா வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பாடம் வந்தது, பரீட்சையும் வந்தது. என் பேத்தி மழைக்காட்டின் பயன்களைத் தடங்கலின்றி ஒப்பிக்கிறாள். வாசலில் நிற்கும் மரத்தின் பெயர் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. காவலாளியைக் கேட்டால் 'கரஞ்ச்' என்றார். அருகே போய்ப் பார்த்தால் நம் ஊர்ப் புங்க மரம்! இத்தனை வருஷம் நிமிர்ந்து பார்க்காதது என் குற்றம்.

ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று கன்று நட்டுப் படம் எடுக்கிறோம். அடுத்த கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? ரயில்வேயில் எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை எந்தக் கீமேன் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கும். அவர் தினமும் நடந்து பார்ப்பார். தண்டவாளம் பத்திரமாக இருப்பது அதனால்தான்.

நம் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சங்கத்தைச் சுற்றியுள்ள மரங்களை அப்படிப் பிரித்துக் கொடுப்போம். மரத்துக்கு ஒரு நோட்டு. அதில் தமிழ்ப் பெயர், உள்ளூர்ப் பெயர், தண்ணீர் ஊற்றிய தேதி, பூத்த மாதம். எந்தக் கன்றை எங்கே நடுவது என்பதையும் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். பெரியவர்கள் வாளி தூக்கினால் போதும்.

மாற்றல் வந்தால்? சார்ஜை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தானே நாம் ஊரை விட்டுக் கிளம்புகிறோம். பிள்ளைகளும் நோட்டை ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.