கிராமந்தோறும் ஒரு கம்பியில்லா நிலையம்

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், டெல்டா ஜில்லாக்களின் தென்னந்தோப்புகளையும் மின்சாரக் கம்பங்களையும் ஒருங்கே சாய்த்தது. அன்று ஜனங்கள் பட்ட கஷ்டங்களுள் ஒன்று இன்றும் போதிய கவனம் பெறவில்லை. கையில் கைபேசி இருந்தது, பேசத்தான் வழியில்லை. அடுத்த ஊரிலுள்ள உறவினர் உயிரோடிருக்கிறாரா, மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்கவும் இயலாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன.

இதற்குக் காரணம் யாது? கைபேசி கோபுரத்தை நம்பியிருக்கிறது. கோபுரம் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. மின்சாரம் நின்றால் கோபுரத்தின் பாட்டரி சில மணி நேரமே தாங்கும். பிறகு டீசல் வேண்டும். டீசல் வரச் சாலை வேண்டும். சாலையிலோ மரங்கள் கிடக்கின்றன. சக்கரங்களில் ஏற்றிய கோபுரங்கள் கம்பெனியாரிடம் உண்டே எனலாம். அவையும் சாலை திறந்த பின்னரே வரும்.

ஆயின், அதே கைபேசிக்குள் வைஃபை என்னும் இன்னொரு சிறு ரேடியோவும் இருக்கிறது. அதற்குச் சிம் கார்டு வேண்டியதில்லை. ஒரு ரவுட்டர், வெளியில் நிறுத்தும் ஆண்டெனா, உள்ளங்கையளவான கம்ப்யூட்டர், 40 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் பாட்டரி ஆகிய நான்கும் ஒரு பெட்டிக்குள் அடங்கும். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து 15 வாட் செலவழித்தாலும் ஒரு பகலும் இரவும் அந்தப் பாட்டரி தாங்கும். பெட்டியைப் பள்ளிக்கூட மாடியில் வைத்தால், திறந்த வெளியில் சுமார் 100 மீட்டர் சுற்றளவிலுள்ள கைபேசிகள் அதனோடு சேரும். இன்டர்நெட் அடியோடு இல்லாவிடினும், காணாமற் போனோர் விவரமும் மருந்து வேண்டுவோர் பட்டியலும் அந்தக் கம்ப்யூட்டரில் பதிந்து எல்லோரும் படிக்கலாம். ஒரு திசை நோக்கிய ஆண்டெனாக்களை எதிரெதிரே உயரத்தில் நிறுத்தினால், மறைப்பில்லாத இடத்தில் சில கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஊர்களையும் இணைக்கலாம்.

இது வெறும் கற்பனையன்று. நியூயார்க் நகரின் கடலோரப் பகுதியான ரெட் ஹுக்கில் ஒரு சமூக ஸ்தாபனத்தார் இத்தகைய வைஃபை வலையைச் சிறு அளவில் அமைத்திருந்தனர். 2012 அக்டோபரில் சாண்டி புயல் தாக்கியபோது அது நிலைத்து நின்றது. அந்நாட்டு மத்திய சர்க்காரின் நிவாரண இலாகாவே தன் செயற்கைக்கோள் இணைப்பை அவ்வலையோடு சேர்த்து ஜனங்களுக்கு உதவிற்று. அவ்வலை புயலுக்கு முன்னரே அங்கு இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

சட்டம் இடந்தருமோ என்று சிலர் ஐயுறலாம். சொந்தமாகக் கைபேசிக் கோபுரம் எழுப்ப லைசென்ஸ் வேண்டும். அதை நாம் சொல்லவில்லை. வைஃபை இயங்கும் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைக்கு 2005-ஆம் வருஷத்திலேயே இந்திய சர்க்கார் லைசென்ஸ் விலக்களித்துவிட்டது. சக்தியின் வரம்பை மீறாதிருத்தல் நிபந்தனைகளுள் ஒன்று. 2020-ல் அங்கீகரிக்கப்பட்ட பி.எம்.-வாணி திட்டத்தின்படி சிறு கடைக்காரரும் லைசென்ஸ் இன்றிப் பொது வைஃபை நடத்தலாம். கதவு திறந்தே இருக்கிறது, நுழைவோரைத்தான் காணோம்.

ஒரு பெட்டிக்கு ஆகும் செலவு மோட்டார் சைக்கிள் விலையில் பாதியும் இராது. ஒவ்வொரு கடலோரப் பஞ்சாயத்தும் ஒன்று வாங்கி வைக்க வேண்டும்; பாட்டரியை மாதந்தோறும் சோதிக்க வேண்டும்; வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஊர் வாலிபர் பத்துப் பேராவது அதை நிறுவிப் பழக வேண்டும். பஞ்சாயத்து தயங்கினால் வாலிபர் சங்கங்களே முன்வரட்டும். சர்க்காரின் கடமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால், புயலடித்த முதல் இரவில் பக்கத்தில் நிற்பவன் அண்டை வீட்டுக்காரனே. அவனோடு பேசும் வழியை அயலாரிடம் அடகு வைத்துவிட்டு, பின்னர் அவர் வரவில்லையே என்று புலம்புவது அறிவுடைமையாகாது.