தெளிந்த தண்ணீர் சொல்லாத சேதி



பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கவைக்கும் பொருட்களில் மீன் தொட்டிக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போனோம். தொட்டி, மோட்டார், உப்பு, ‘நீமோ’ என்கிற கோமாளி மீன்கள் இரண்டு எல்லாம் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கின. அன்று மாலையே உப்பைக் கரைத்தோம், மீன்களை விட்டோம்.

ஒன்பதாம் நாள் இரண்டுமே இறந்துவிட்டன. “தண்ணி இவ்ளோ சுத்தமா இருக்கே, அப்புறம் ஏம்பா செத்துச்சு?” என்று கேட்டாள் மகள். அன்று என்னிடம் பதில் இல்லை.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கேள்வி எழுந்திருக்கும்! அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெளிவாக இருப்பதெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை. மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா ஆகின்றன. அது மீனுக்கு விஷம். ஆனால் அதற்கு நிறம் கிடையாது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் ஆபத்துதான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கிய பிறகுதான் மீன் நிம்மதியாக மூச்சுவிடும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் கற்களிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும்.

உறை ஊற்றாத பால் தயிராகுமா? தொட்டியும் அப்படித்தான். நன்றாக ஓடும் பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், அதுவே உறைமோர். அப்போதும் காத்திருக்கத்தான் வேண்டும். நாங்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.

அடுத்தது உப்பு. சமையல் உப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகிவிடுமா? ஆகாது. உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது கால்சியம் ஜிப்சமாக முதலில் படிந்துவிடும். மெக்னீசியம் கடைசியில் கசப்பு நீரோடு வெளியேறிவிடும். நடுவில் நாம் வாரியெடுப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கடல் உயிர்களுக்கு மற்றவையும் வேண்டும். அதனால்தான் கடையில் ‘மரைன் சால்ட்’ என்று தனியாக விற்கிறார்கள். அதையும் குழாய்த் தண்ணீரில் கரைக்க வேண்டாம். குளோரின் இல்லாத, நன்கு சுத்திகரித்த ஆர்ஓ தண்ணீரே நல்லது.

வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகிக் குறையும். அப்போது உப்புத் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. சாம்பார் சுண்டினால் உப்புக் கரிக்கிறதே, அதில் மறுபடி உப்பா போடுவோம்? போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே இருக்கும். எனவே உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்பு அளவு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25, 26 டிகிரி. இந்த இரண்டும் ஆடாமல் இருந்தாலே பாதிக் கவலை தீரும்.

பவளம் வளர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. உயிருள்ளதானாலும் காய்ந்ததானாலும் வாங்காதீர்கள், விற்கிறவர்களை ஊக்குவிக்காதீர்கள். இங்கே நமக்கு மீன் போதும். மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன மையம், கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை நமக்குத் தந்திருக்கிறது. கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருக்கும் வாசகர்கள் பவளம் வளர்த்தால், அவர்களுக்கு வேலை இன்னும் நுணுக்கமானது. பவளத்தின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. வெளிச்சத்தில் உணவு சமைத்து அது பவளத்துக்குத் தருகிறது. அந்தப் பாசிக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சம் வேண்டும். அதிகமானால் தேவையற்ற பாசி கண்ணாடியையும் கல்லையும் மூடிவிடும். அதற்குப் பயந்து இரண்டையும் பூஜ்ஜியமாக்கினால் பவளம் பட்டினியில் வெளிறிப்போகும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற அளவைப் பலரும் கடைப்பிடிக்கிறார்கள்.

பவளம் தன் கல்லைக் கட்ட கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை அதன் அலகான டிகேஹெச்-இல் 8, 9 இருக்கலாம். இதற்காகத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறவர்கள் உண்டு. சொட்டுச் சொட்டாக என்பதுதான் முக்கியம். குறைந்ததை ஒரே நாளில் சரிக்கட்டப் பார்த்தால், அந்த அவசரமே பவளத்தைக் கொன்றுவிடும்.

சரி, நம் மீன் தொட்டிக்குத் திரும்புவோம். அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் நம் அன்பிலிருந்துதான். காலையில் தாத்தா ஒரு சிட்டிகை போடுவார். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளை ஒரு சிட்டிகை. இரவு அலுவலகத்திலிருந்து வந்து அப்பா ஒரு சிட்டிகை. யாரும் யாரிடமும் சொல்வதில்லை. தீனி டப்பா ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். வாரம் ஒருமுறை 10 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். ஒரு டெஸ்ட் கிட் வாங்கி, அளவுகளை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு நாள் அளவு பெரிதாக எதையும் சொல்லாது. எட்டு வாரம் எழுதிய பக்கம் நிறையச் சொல்லும்.

எங்கள் இரண்டாவது தொட்டிக்கு ஐந்து வாரம் காத்திருந்தோம். நோட்டு மகள் பொறுப்பு. இப்போது அவளே சொல்கிறாள், “அப்பா, நைட்ரேட் ஏறுது, தீனியைக் குறைங்க” என்று.

அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மன்னார் வளைகுடா நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன; அவற்றில் இரண்டு மூழ்கிவிட்டன. இப்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவானது. அங்கே பவளக் கல்லைப் பல ஆண்டுகள் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்காகச் சுட்டோம். அது ஓய்ந்துவிட்டது. ஆனால் நம் சாக்கடையிலும் உர நீரிலும் போகிற அதே நைட்ரேட், அதே பாஸ்பேட் இன்றும் கடலில்தான் போய்ச் சேர்கின்றன. தொட்டியில் பாசி படர்ந்தால் பத்துக் குடம் மாற்றிவிடலாம். கடலுக்கு எந்தத் தண்ணீரை மாற்றுவது?

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரியும். ஒரு சிட்டிகை அதிகமானால் என்ன ஆகும் என்று கண்முன்னால் பார்த்தவர்கள் அவர்கள். உங்கள் ஊர்ச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஆற்றிலோ கடலிலோ கலக்கிறதா? வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். கேட்டதையும், கிடைத்த பதிலையும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் ஒரு பக்கத்தை அதற்கென்றே ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்