கடலில் இருந்து கடலுக்கு சைக்கிள் பயணம்!
இங்கிலாந்தின் குறுக்கே 140 மைல்

இங்கிலாந்து நாட்டுக்கு மேற்கே ஒரு கடல். கிழக்கே ஒரு கடல். மேற்குக் கடலில் சைக்கிளின் பின் சக்கரத்தை நனைக்கிறார்கள். நாலைந்து நாள் மிதிக்கிறார்கள். கிழக்குக் கடலில் முன் சக்கரத்தை நனைக்கிறார்கள். அதோடு பயணம் முடிகிறது!

மேற்கே ஒயிட்ஹேவன் அல்லது வொர்க்கிங்டன். கிழக்கே சண்டர்லாந்து அல்லது டைன்மவுத். இடையே சுமார் 140 மைல். 1994-ம் ஆண்டு இந்தப் பாதை திறக்கப்பட்டது.

காற்று யார் பக்கம்?

பெரும்பாலோர் மேற்கில் இருந்தே புறப்படுகிறார்கள். ஏன்? அங்கே அதிகமாக வீசுவது மேற்குக் காற்று. அது முதுகைப் பிடித்துத் தள்ளும். கூலி கேட்காத ஆள்!

நடுவே பென்னைன் மலை குறுக்கிடுகிறது. ஹார்ட்சைடு கணவாயின் உயரம் சுமார் 1,900 அடி. அதற்கு அப்பால் பிளாக் ஹில், ஏறக்குறைய 2,000 அடி. ஆகவே 140-ஐ நாலால் வகுத்து, "நாளுக்கு 35 மைல்" என்று கணக்குப் போடக்கூடாது. மலை ஏறும் நாளில் 25 மைல் போனாலே பெரிது. இறங்கும் நாளில் 40 மைலும் போகலாம்.

ஹார்ட்சைடு உச்சியில் ஒரு சிற்றுண்டிக் கடை இருந்தது. 2018-ல் அது எரிந்துவிட்டது. ரொட்டியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

ரெயில் போன வழி

1963-ல் பீச்சிங் என்பவர் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நஷ்டத்தில் ஓடும் ரெயில் பாதைகளை மூடச் சொன்னார். சுமார் 5,000 மைல் பாதை, 2,363 நிலையங்கள் அவர் பட்டியலில் இருந்தன. பல ஊர்களில் ரெயில் நின்றது.

தண்டவாளம் போனாலும் மண் மேடு கிடந்தது. ரெயில் செங்குத்தாக ஏறாது. அதனால் அந்த மேடு சைக்கிளுக்குச் சுகமான வழி. சிறுவர்களும் மிதிக்கலாம். கான்செட் ஊரின் உருக்காலை 1980-ல் மூடப்பட்டது. அங்கிருந்து சண்டர்லாந்து வரை பழைய ரெயில் வழியில் இறங்கிக்கொண்டே போகலாம்.

பழுது பார்ப்பது யார்?

பாதை போடுவது ஒரு நாள் விழா. காப்பாற்றுவதோ தினசரிச் செலவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கெசிக் அருகே இரண்டு பாலங்கள் அடித்துப் போயின. அந்தப் பகுதி மீண்டும் திறந்தது 2020 டிசம்பரில். ஐந்து ஆண்டுகள்!

நாடு முழுவதும் இத்தகைய சைக்கிள் வழிகளை உருவாக்கியது சஸ்டிரான்ஸ் என்ற தர்ம ஸ்தாபனம். 2020-ல் தன் வழிகளில் கிட்டத்தட்ட கால் பங்கை அதுவே தன் பட்டியலில் இருந்து நீக்கியது. மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட சாலைகளை "அமைதிச் சாலை" என்று சொல்ல அதற்கு மனம் வரவில்லை. நாணயமான காரியம்தான். ஆனால், பாதுகாப்பான வழி இல்லாத ஊர்க்காரர் என்ன செய்வார்? சாலையைச் சீர்ப்படுத்தும் அதிகாரம் ஸ்தாபனத்திடம் இல்லை. அரசாங்கத்திடமும் உள்ளூர் மன்றங்களிடமும் இருக்கிறது.

ஆகவே, போகிறவர்கள் புதிய வரைபடம் வாங்க வேண்டும். எது ரெயில் வழி, எது கார் ஓடும் சாலை என்று தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளோடு போனால் ரெயில் வழியை மட்டும் பிடிப்பது நல்லது. திரும்பும் ரெயிலில் சைக்கிளுக்கு இடம் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.