சான்றிதழ் நாய்க்கா, நமக்கா? - அமெரிக்காவின் 'எமோஷனல் சப்போர்ட்' லெட்டர் குழப்பம்!

முருகனுக்கு வாகனம் மயில். ஆனா, மயிலுக்கே ஒரு வாகனம் தேவைப்பட்ட கதை தெரியுமா?

2018 ஜனவரியில், அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒரு பெண் தன் மயிலோடு வந்தார். 'இது என்னோட எமோஷனல் சப்போர்ட் அனிமல், என்கூடவே ஃப்ளைட்ல வரணும்' என்பது அவர் கோரிக்கை. யுனைடெட் ஏர்லைன்ஸ் முடியாது என்று சொல்லிவிட்டது. மயிலின் போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியது. மீம்ஸ் பறந்தன. நாமும் பார்த்துச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில் பாதிக்கப்பட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. இரவில் பேனிக் அட்டாக் வந்து எழுந்து உட்காரும்போது, பக்கத்தில் ஒரு நாய் இருப்பதால் மட்டுமே மறுபடி படுக்க முடிகிறவர்கள். மயில் மீமுக்குப் பிறகு அவர்கள் 'எமோஷனல் சப்போர்ட்' என்று வாயைத் திறந்தாலே, எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு நக்கல் சிரிப்பு.

'அமெரிக்கா விஷயம், நமக்கென்ன?' என்று ஸ்க்ரோல் செய்துவிடாதீர்கள். உங்கள் காலேஜ் செட்டில் யாராவது ஒருத்தராவது டல்லாஸிலோ நியூ ஜெர்ஸியிலோ வாடகை வீட்டில் இருப்பார். அங்கே பல அப்பார்ட்மென்ட்களில் நாய் வளர்க்கத் தடை. அனுமதித்தாலும் தனி டெபாசிட், மாதாமாதம் 'பெட் ரென்ட்'. உடனே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஐடியா வரும்: 'மச்சி, ஆன்லைன்ல ஒரு இ.எஸ்.ஏ லெட்டர் வாங்கிடு. பத்து நிமிஷ வேலை!'

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சிக்கலே இருக்கிறது.

மூன்று பெயர், மூன்று சட்டம்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.

செல்லப்பிராணி: உங்களுக்குப் பிடித்ததால் வளர்க்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஹவுஸ் ஓனருக்கு உண்டு.

சர்வீஸ் டாக்: மாற்றுத்திறனாளி ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்ட நாய். பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பேனிக் அட்டாக் வரப்போவதை உணர்ந்து, அதைத் தடுக்கவோ குறைக்கவோ பழக்கப்பட்ட நாயும் சர்வீஸ் டாக்தான். அமெரிக்கர்களுக்கான ஏ.டி.ஏ சட்டப்படி அது ஹோட்டல், கடை, ஆபீஸ் என்று எங்கும் போகலாம். வாசலில் இருப்பவர் இரண்டே கேள்விகள்தான் கேட்கலாம். 'உங்கள் உடல்நிலை அல்லது மனநிலைக் குறைபாட்டுக்காக இந்த நாய் தேவைப்படுகிறதா?', 'என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது?' சான்றிதழ் கேட்க முடியாது.

எமோஷனல் சப்போர்ட் அனிமல், சுருக்கமாக இ.எஸ்.ஏ: இதற்குப் பயிற்சி தேவையில்லை. பக்கத்தில் இருப்பதே ஆறுதல். அதனால் ஏ.டி.ஏ இதை சர்வீஸ் டாக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதற்குப் பாதுகாப்பு தருவது வேறொரு சட்டம், ஃபேர் ஹவுசிங் சட்டம். அது வாடகை வீட்டுக்கானது. இ.எஸ்.ஏ என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால் 'நாய்க்குத் தடை' விதி பொருந்தாது. பெட் ரென்ட், பெட் டெபாசிட் வாங்கக் கூடாது. ஆனா நாய் கதவைப் பிறாண்டி வைத்தால், அந்தச் செலவு உங்கள் தலையில்தான். ஓனரே குடியிருக்கும் நான்கு வீடுகள் வரையிலான சின்னக் கட்டடங்கள் போன்ற சிலவற்றுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கும் உண்டு.

விமானம்? அந்தக் கதை முடிந்துவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2020 டிசம்பரில் விதியை மாற்றியது. 2021 ஜனவரி 11 முதல், இ.எஸ்.ஏ-வை சர்வீஸ் அனிமலாக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை. மயில், பன்றி, வாத்து என்று ஆளாளுக்குக் கொண்டுவந்ததன் விளைவு இது. பழக்கப்பட்ட சர்வீஸ் டாக்குக்கு மட்டும் உரிமை தொடர்கிறது, மனநலப் பிரச்னைக்கான நாயும் இதில் அடக்கம்.

ஆக, இன்றைக்கு இ.எஸ்.ஏ லெட்டர் என்பது பெரும்பாலும் வீட்டுக்கான லெட்டர். 'இதை வைத்து ஃப்ளைட்டில் ஏறலாம், ரெஸ்டாரன்ட்டில் நுழையலாம்' என்று யாராவது விற்றால், அங்கேயே டேபை மூடிவிடுங்கள்.

பரிசோதனை நாய்க்கில்லை

இந்த லெட்டரில் நாயைப் பற்றி அதிகம் இருக்காது. உங்களைப் பற்றித்தான் இருக்கும். அதனால்தான் அதற்கு முன் ஒரு மனநல மதிப்பீடு.

சட்டம் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் அன்றாட வாழ்க்கையின் முக்கியமான ஒரு பகுதியைக் கணிசமாக முடக்கும் அளவுக்கு மனநலப் பிரச்னை இருக்கிறதா? தூக்கம், வேலை, படிப்பு, வெளியே போவது, மனிதர்களோடு பழகுவது என்று எதுவாகவும் இருக்கலாம். இரண்டு, அந்தப் பிராணியால் அந்தப் பாதிப்பு உண்மையிலேயே குறைகிறதா? 'எனக்கு ஸ்ட்ரெஸ்', 'நாய்னா உயிர்' ஆகிய இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனா லெட்டருக்கு அவை போதாது.

இதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்து பேச வேண்டும். சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், லைசென்ஸ் பெற்ற கவுன்சலர் அல்லது க்ளினிக்கல் சோஷியல் வொர்க்கர், யாராவது ஒருவர். எப்போது ஆரம்பித்தது, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், காலையில் எழுந்திருக்க முடிகிறதா, வகுப்புக்குப் போகாமல் எத்தனை நாள் அறைக்குள்ளேயே கிடந்தீர்கள் என்றெல்லாம் கேட்பார். மனச்சோர்வுக்கு 9 கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9, பதற்றத்துக்கு 7 கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி-7 மாதிரியான படிவங்களைத் தரலாம். ஆனா படிவம் ஆரம்பம்தான். அதை வைத்துக்கொண்டு அவர் கேட்கும் அடுத்த கேள்வியில்தான் மதிப்பீடு நடக்கிறது.

நாயைப் பற்றியும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அது வந்தபிறகு என்ன மாறியது? உடம்பு முடியாத நாளில் அதற்குச் சோறு வைப்பது யார்? நம்ம பசங்களுக்கு எக்ஸ்ட்ரா ஒரு கேள்வி: செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வரும்போதும், விசா முடிந்து திரும்பும்போதும் அந்த ஜீவன் எங்கே போகும்? நாய் பத்து வருஷத்துக்கு மேல் வாழும் உயிர். உங்கள் மாஸ்டர்ஸ் இரண்டு வருஷம்தான்.

ஏற்கெனவே நீங்கள் பார்த்துவரும் தெரபிஸ்ட்டே லெட்டர் தர மறுக்கலாம். கோபப்படாதீர்கள். உங்களுக்குச் சிகிச்சை கொடுப்பது ஒரு வேலை. 'இவருக்குச் சட்டப்படியான குறைபாடு இருக்கிறது' என்று மூன்றாவது நபருக்கு உறுதி கொடுப்பது வேறொரு வேலை. பிரச்னை வந்தால், எழுதியதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். பல பல்கலைக்கழக கவுன்சலிங் சென்டர்கள் இந்த லெட்டரே தருவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

30 நாள் எதற்கு?

2022 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. பெயர் ஏ.பி.468. அதன்படி, ஒரு நாயை எமோஷனல் சப்போர்ட் டாக் என்று லெட்டர் தரும் மருத்துவத் தொழில்முறையாளர், முறையான லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். குறைந்தது 30 நாளாவது உங்களைப் பார்த்து வந்திருக்க வேண்டும். மதிப்பீடு செய்திருக்க வேண்டும். ஃபுளோரிடாவில், பொய்யான இ.எஸ்.ஏ ஆவணம் கொடுப்பது 2020 ஜூலையிலிருந்து தண்டனைக்குரிய குற்றம்.

'ஒரு லெட்டருக்கு ஒரு மாசமா?' என்று எரிச்சல் வரும். நியாயம்தான். வீடு மாற வேண்டிய அவசரத்தில் இருப்பவருக்கு 30 நாள் என்பது பெரிய சோதனை. இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்கு இரண்டு மூன்று அப்பாயின்ட்மென்ட் என்பதே பெரிய செலவு. உண்மையான தேவை உள்ள சிலருக்கும் இந்த விதியால் கஷ்டம் உண்டு. அதை மறைக்க வேண்டாம்.

ஆனா இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நேரில் பேசாமல், பணம் கட்டினால் லெட்டரோடு ஐடி கார்டும் நாய்க்கு ஒரு சட்டையும் அனுப்பிவைக்கும் கடைகள் பெருகின. 'தேசியப் பதிவேட்டில் சேர்க்கிறோம்' என்பார்கள். அப்படி அரசுப் பதிவேடு எதுவும் அமெரிக்காவில் கிடையாது. 2020 ஜனவரியில் அந்நாட்டு வீட்டுவசதித் துறை கொடுத்த வழிகாட்டுதல், இப்படி இணையத்தில் வாங்கும் சான்றிதழ் மட்டுமே போதிய ஆதாரம் ஆகாது என்றது. அதே வழிகாட்டுதல், லைசென்ஸ் உள்ளவர்கள் ஆன்லைன் வழியாக முறையாகச் சிகிச்சை தருவதையும் ஏற்றுக்கொண்டது. வீடியோ காலில் பேசுவது தப்பில்லை. பேசாமலே கையெழுத்து வாங்குவதுதான் தப்பு.

ஒரு குட்டி நாயும் ஒரு வழக்கும்

ஒரு நிஜமான லெட்டர் என்ன செய்யும் என்பதற்கு நெப்ராஸ்கா மாநிலத்தின் கியர்னி நகரில் ஓர் உதாரணம் உண்டு.

மனச்சோர்வும் பதற்றமும் இருந்த ஒரு மாணவி, மினியேச்சர் பின்ஷர் வகைக் குட்டி நாயைத் தன்னோடு பல்கலைக்கழகக் குடியிருப்பில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். நிர்வாகம் மறுத்தது. அமெரிக்க நீதித்துறை 2011-ல் வழக்கு போட்டது. 'மாணவர் குடியிருப்பு என்பது வீடே கிடையாது, ஃபேர் ஹவுசிங் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது' என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். பொருந்தும் என்று 2013-ல் நீதிமன்றம் சொன்னது. 2015-ல் 1,40,000 டாலர் கொடுத்துப் பல்கலைக்கழகம் சமரசம் செய்துகொண்டது.

இன்றைக்கு அங்கே ஹாஸ்டலில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளையும் இ.எஸ்.ஏ கேட்டு விண்ணப்பிக்க முடிகிறது என்றால், அதன் பின்னால் இந்த மாதிரி வழக்குகள் இருக்கின்றன. பெட் ரென்ட்டை மிச்சம் பிடிக்க நீங்கள் வாங்கும் ஒரு டூப்ளிகேட் லெட்டர், அடுத்து வரும் நிஜமான லெட்டரையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும். மயில் விஷயத்தில் விமானக் கதவு எல்லோருக்கும் சேர்த்தே மூடப்பட்டதை மறந்துவிடாதீர்கள்.

உங்களுக்கோ ஃப்ரெண்டுக்கோ தேவை என்றால்...

* முதலில் சிகிச்சை, அப்புறம் லெட்டர். ஸ்டூடன்ட் இன்ஷூரன்ஸில் மனநல ஆலோசனை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

* லெட்டர் தருபவரின் லைசென்ஸ் எண்ணை, அந்த மாநில லைசென்ஸ் போர்டின் தளத்தில் நீங்களே செக் பண்ணுங்கள்.

* ஊரில் டாக்டரைப் பார்த்திருந்தால், அந்த மருந்துச் சீட்டுகளையும் ரிப்போர்ட்களையும் எடுத்துப் போங்கள். சென்னை டாக்டரின் லெட்டரை மட்டும் வைத்து அங்கே காரியம் நடப்பது கஷ்டம். ஆனா அங்கே மதிப்பீடு செய்பவருக்கு உங்கள் பழைய கதை தெரிவது பெரிய உதவி.

* லெட்டரில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. குறைபாடு இருக்கிறது, இந்தப் பிராணி தேவை என்றிருந்தால் போதும். உங்கள் மருத்துவ ஃபைல் முழுவதையும் கேட்கும் உரிமை ஹவுஸ் ஓனருக்குக் கிடையாது.

* 'கட்டாயம் அப்ரூவல் கிடைக்கும்' என்று முதலிலேயே சொல்பவரிடம் போகாதீர்கள். இல்லை என்று சொல்ல முடியாதவர் செய்வது மதிப்பீடே இல்லை.

இங்கே, இந்தியச் சட்டத்தில் எமோஷனல் சப்போர்ட் அனிமல் என்று தனிப் பிரிவு இல்லை. அதனால் நம் ஊர் ஹவுஸ் ஓனரிடம் நீட்ட அப்படியொரு லெட்டர் தேவையும் இல்லை, பயனும் இல்லை. ஆனா லெட்டருக்கு முன்னால் நடக்கும் அந்தப் பேச்சு இங்கேயும் எல்லோருக்கும் தேவைப்படலாம்.

கடைசியாக ஒன்று. அந்த பி.எச்.க்யூ-9 படிவத்தின் ஒன்பதாவது கேள்வி எது தெரியுமா? கடந்த இரண்டு வாரத்தில், செத்துப்போனால் தேவலை என்றோ, உங்களையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால், 'ஆமாம்' என்ற உங்கள் பதிலைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். நாயைப் பற்றிய பேச்சு அங்கேயே நிற்கும். உங்களைப் பற்றிய பேச்சு ஆரம்பிக்கும். லெட்டர் மட்டும் விற்கும் கடையில், அந்த 'ஆமாம்' உங்களுக்கு அப்ரூவல் வாங்கிக் கொடுக்கும். அவ்வளவுதான்.

நிஜ மதிப்பீட்டுக்கும் பத்து நிமிஷ லெட்டருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பதில் 'ஆமாம்' என்றால், லெட்டர் அப்புறம். அமெரிக்காவில் இருந்தால் 988, இந்தியாவில் இருந்தால் டெலி மானஸ் 14416. இப்பவே போன் பண்ணுங்க.